வரிசை மாறாமல் ஒரு நாள்

ஷஃபிளில் பாட்டு கேட்கும் கல்லூரி விடுதி நண்பர்களுக்கு,



2021 நவம்பரில், '30' என்ற தன் ஆல்பம் வெளியான கையோடு அடெல் ஸ்பாட்டிஃபையிடம் ஒரு கோரிக்கை வைத்தார். அதுவரை அந்த ஆப்பில் எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டன்தான் முன்னால் வந்து நிற்கும். ஒரு பாடகர் எவ்வளவோ யோசித்துத்தான் பாட்டுகளை வரிசைப்படுத்துகிறார், அந்த வரிசையிலேயே அவை ஒலிக்க வேண்டும் என்பது அடெலின் வாதம். ஸ்பாட்டிஃபை ஏற்றுக்கொண்டது, முன்னால் நிற்கும் பட்டன் மாறியது. ஷஃபிள் போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டது, அவ்வளவுதான். உலகத்தில் அதிகம் விற்கும் பாடகிகளில் ஒருவர் தன் செல்வாக்கை ஒரு பட்டனுக்காகப் பயன்படுத்தினார் என்றால், அந்த வரிசையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது அல்லவா?

அதற்காகத்தான் இந்த மடல். ஆங்கில பாப் உங்களுக்குப் புதிதில்லை. 'பில்லி ஜீன்' தெரியும், 'ட்ரீம்ஸ்' தெரியும், 'பேப்பர் பிளேன்ஸ்' தெரியும். ஆனால் அவை எந்த ஆல்பத்தில் எத்தனையாவது பாட்டு, அதற்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பாட்டு கேட்கும் பழக்கமே அப்படித்தான் வளர்ந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் இருந்த மியூசிக் சென்டர்களில், பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடையில் விற்ற கேசட்டிலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று இருக்கும். சினிமாப் பாட்டுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. அதன் இடத்தைப் படத்தின் கதை ஏற்கனவே தீர்மானித்துவிட்டது. கேசட்டில் முன்பின்னாக இருந்தால் என்ன?

பாப் ஆல்பத்துக்குப் பின்னால் அப்படி ஒரு படம் கிடையாது. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே இருக்கிற ஏற்பாடுதான் அதற்குக் கதை, திரைக்கதை எல்லாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் வர்ணம் எங்கே, ராகம் தானம் பல்லவி எங்கே, துக்கடா எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு; தில்லானாவில் ஆரம்பித்து வர்ணத்தில் முடித்தால் எந்த ரசிகரும் நெளிவார். அதே நெளிவு பாப் ஆல்பத்தைக் கலைத்துக் கேட்கும்போதும் வர வேண்டும் என்பது இம்மடலின் கட்சி. அதை வெறும் வாதமாக வைக்காமல், 1966 முதல் 2007 வரை வெளியான சில ஆல்பங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல் கேட்டுப் பார்த்ததில் தோன்றியவை கீழே.

காலையில் கேரல் கிங்கின் 'டேப்ஸ்ட்ரி'. 1971 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். ஆண்டின் சிறந்த ஆல்பம், ஆண்டின் சிறந்த பாட்டு உட்பட நான்கு கிராமி விருதுகள். ஜன்னலோரத்தில் வெறுங்காலோடு ஒரு பெண்ணும் ஒரு பூனையும் உட்கார்ந்திருக்கும் அட்டைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் பத்தாண்டுக் காலம் கேரல் கிங் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். கணவர் ஜெரி காஃபினோடு சேர்ந்து 1960-ல் ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழுவுக்கு எழுதிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' முதலிடம் பிடித்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அது இளம்பெண்ணின் கேள்வி: இன்றைக்கு இருக்கிற இந்தக் காதல் நாளைக்கும் இருக்குமா? 'டேப்ஸ்ட்ரி'யில் அதே பாட்டை அவரே பாடுகிறார். இப்போது விவாகரத்து ஆகிவிட்டது, இரண்டு மகள்கள். வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்னணியில் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும் தணிந்த குரலில் கூடவே வருகிறார்கள்.

தனியாகக் கேட்டால் அது பழைய பாட்டின் மெதுவான வடிவம். ஆல்பத்துக்குள் அது இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'இட்ஸ் டூ லேட்' வந்து போய்விட்டது. காதல் தீர்ந்துபோனதை இரண்டு பேரும் அமைதியாக ஒப்புக்கொள்ளும் பாட்டு அது. அதைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, பிறகு வரும் கேள்வியின் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பாடுகிறவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கேட்கிறார். அந்தப் பாட்டின் கனம் முழுவதும் அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வருகிறது.

அடுத்து பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்'. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1966 மே மாதம் வெளியானபோது குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சனுக்கு வயது 23. அதற்கு முன்பே மேடைப் பயணங்களிலிருந்து விலகிக்கொண்டுவிட்டார். தம்பிகளும் மற்றவர்களும் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இவர் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கி, விளம்பரத் துறையிலிருந்து வந்த டோனி ஆஷரோடு உட்கார்ந்து பாட்டுகளை எழுதினார். வாசித்தவர்கள் ஹாலிவுட்டின் தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்கள். டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிட்டாரில் கேரல் கே போன்றவர்கள். ஊர் திரும்பிய குழுவினர் பெரும்பாலும் தயாராகிவிட்ட இசைமேல் குரல்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒலிகளை மட்டும் கவனித்தாலே போதும், காலை கழிந்துவிடும். 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ' தொடக்கத்தில் கேட்பது பியானோதான், ஆனால் அதன் கட்டைகளை அழுத்தி வாசித்தது அல்ல. உள்ளே இருக்கும் தந்திகளை ஒருவர் நேரடியாக மீட்ட, மற்றவர் கட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கிறார். அதே பாட்டின் முடிவில் ஒரு சைக்கிள் ஹாரன் ஒலிக்கிறது. 'கேரலைன், நோ'வின் தாளத்தில் காலியான தண்ணீர் கேன் ஒன்று தட்டப்படுகிறது. 'காட் ஒன்லி நோஸ்' பாட்டை பிரையன் தானே பாடாமல் தம்பி கார்லுக்குக் கொடுத்தார். பிரெஞ்சு ஹார்ன் முதலில் வந்து கதவைத் திறந்துவிட, அந்த இளம் குரல் எந்த அலங்காரமும் இல்லாமல் உள்ளே வருகிறது. இவ்வளவு நுணுக்கமும் மோனோவில், ஒரே ஒலிவழியில் கலக்கப்பட்டது. பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காமல் இருந்தது. இரண்டு காதுக்கும் இரண்டு விதமாக ஒலிப்பது அவருடைய உலகத்தில் இருந்ததே இல்லை. ஆப்பில் ஸ்டீரியோ, மோனோ இரண்டும் கிடைத்தால் மோனோவையே தேர்ந்தெடுங்கள்.

முதல் பாட்டில் ஒரு பையனும் பெண்ணும் நாம் மட்டும் கொஞ்சம் பெரியவர்களாக இருந்தால் கல்யாணம் செய்துகொள்ளலாமே என்று கனவு காண்கிறார்கள். கடைசிப் பாட்டில் அந்தப் பையன், நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டுவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, நீ எங்கே போனாய் என்று கேட்கிறான். பிறகு ரயில் ஒன்று கடந்து போகிறது, பிரையனின் நாய்கள் இரண்டும் அதைப் பார்த்துக் குரைக்கின்றன. 36 நிமிடத்தில் ஓர் இளமை தொடங்கி முடிந்துவிடுகிறது. 'கேரலைன், நோ' தனியாக வந்து நின்றால் அது ஒரு சோகப்பாட்டு. இந்த 36 நிமிடத்தின் முடிவில் வரும்போது நெஞ்சை அடைக்கிறது. நடுவே ஒரு பாட்டு மட்டும் ஒட்டவில்லை: 'ஸ்லூப் ஜான் பி'. பஹாமாஸ் தீவுகளின் நாட்டுப்பாடலைத் தழுவிய அது, ஆல்பத்துக்கு முன்பே தனியாக வெளிவந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த ஆல்பத்தின் மனநிலைக்கு அது வெளியூர்க்காரர்.

இங்கிலாந்தில் இந்த ஆல்பத்தை உன்னிப்பாகக் கேட்டவர்களில் பால் மெக்கார்ட்னி முக்கியமானவர். அன்று அடுத்ததாக பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தைப் போட்டதற்கு அதுவே காரணம். 1969 செப்டம்பரில் வெளியான இதன் இரண்டாம் பக்கம், வரிசை என்ற விஷயத்துக்கே பாடப்புத்தகம். ஜார்ஜ் ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் த சன்' அந்தப் பக்கத்தின் முதல் பாட்டு. ஸ்பாட்டிஃபையில் பீட்டில்ஸ் பாட்டுகளிலேயே மிக அதிகமாகக் கேட்கப்பட்டது அதுதான். உங்கள் பிளேலிஸ்ட்டிலும் இருக்கும். எல்.பி. வைத்துக் கேட்டவர்கள் அந்தப் பாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். முதல் பக்கம் 'ஐ வாண்ட் யூ' என்ற நீண்ட, கனத்த பாட்டோடு முடிகிறது. ஒரே கிட்டார் வரிசை திரும்பத் திரும்ப வருகிறது, காற்றிரைச்சல் போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, பிறகு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடுகிறது. முடிவு கிடையாது, நாடாவையே வெட்டிவிட்டார்கள். கேட்டவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுகிறார். அப்போதுதான் அந்த மெல்லிய கிட்டாரும் சூரியனும் வருகின்றன. ஷஃபிளில் அந்தச் சூரியனுக்கு முன்னால் இருட்டு கிடையாது.

பிறகு துண்டுப் பாட்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஓடும் மெட்லி. 'யூ நெவர் கிவ் மீ யுவர் மனி'யில் வரும் மெட்டு, பல பாட்டுகள் தாண்டி 'கேரி தட் வெயிட்' நடுவே வேறு வரிகளோடு திரும்பி வருகிறது. அது திரும்பி வருகிறது என்பதை உணர, முன்னால் அதைக் கேட்டிருக்க வேண்டும். 'தி எண்ட்' பாட்டில், பீட்டில்ஸ் ஆல்பங்களிலேயே ஒரே ஒரு முறையாக, ரிங்கோ தனியாவர்த்தனம் வாசிக்கிறார். அதன்பின் பால், ஜார்ஜ், ஜான் மூவரும் முறை வைத்துக் கிட்டாரில் பேசிக்கொள்கிறார்கள்.

எல்லாம் முடிந்து சில நொடி மௌனம். பிறகு, யாரும் எதிர்பாராமல், ஒரு பெரிய கார்டு அதிர, 23 நொடியில் 'ஹர் மெஜஸ்டி'. இதன் வரலாறு கேட்கத் தகுந்தது. முதலில் மெட்லிக்கு நடுவே, 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்', 'பாலிதீன் பேம்' இரண்டுக்கும் இடையில்தான் அது இருந்தது. பாலுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, எடுத்துவிடச் சொன்னார். ஆனால் பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் தூக்கிப் போடக்கூடாது என்பது ஸ்டுடியோவில் இருந்த உத்தரவு. ஜான் கர்லாண்டர் என்ற இளம் ஒலிப்பதிவாளர் வெட்டிய துண்டை, இடையில் கொஞ்சம் வெற்று நாடா விட்டு, கடைசியில் ஒட்டி வைத்தார். அப்படியே கேட்ட பாலுக்கு அது பிடித்துப்போனது. பாட்டின் தொடக்கத்தில் அதிரும் கார்டு உண்மையில் 'மஸ்டர்ட்' பாட்டின் கடைசி ஒலி. 'ஹர் மெஜஸ்டி'யின் சொந்தக் கடைசி ஒலி 'பேம்' பாட்டின் அடியில் சிக்கி அங்கேயே தங்கிவிட்டது. அதனால்தான் அது முடியாமலேயே முடிகிறது. ஷஃபிளில் இது நடுவே வந்து விழுந்தால், ஏதோ கோளாறான ஃபைல் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மதிய உணவுக்குப் பிறகு மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. இதைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. 1982 நவம்பரில் வந்தது, அமெரிக்காவில் 37 வாரம் முதலிடம், ஒன்பது பாட்டில் ஏழு தனித்தனியே வெளியாகி ஏழும் முதல் பத்துக்குள் வந்தன. ஒவ்வொரு பாட்டும் தனியாக நிற்க வேண்டும் என்றே கட்டப்பட்ட ஆல்பம் இது. எனவே இந்த நாளில் கேட்டவற்றில் ஷஃபிளால் மிகக் குறைவாகக் காயப்படுவதும் இதுதான். நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனாலும் 'பீட் இட்', 'பில்லி ஜீன்', 'ஹியூமன் நேச்சர்' மூன்றும் அடுத்தடுத்து வருவதைக் கேளுங்கள். முதலாவதில் எடி வான் ஹேலனின் கிட்டார் அனலாகப் பாய்கிறது. இரண்டாவதில் அந்த வெப்பம் டிரம்ஸும் பேஸுமாக இறுகிப்போகிறது. மூன்றாவதில் ஸ்டீவ் போர்க்காரோவின் மெட்டு ஒரு நகரத்தின் இரவுக் காற்றைத் திறந்துவிடுகிறது. வேறு எந்த இடத்திலும் 'ஹியூமன் நேச்சர்' இவ்வளவு குளிர்ச்சியாக இராது.

வரிசைக்கும் நீளத்துக்கும் பின்னால் இசைத்தட்டின் இயற்பியலும் உண்டு. 1948-ல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் நிரப்பினால் பள்ளங்கள் நெருங்கி, ஒலி மெலிந்துவிடும். 'த்ரில்லர்' முதலில் தயாரானபோது இதே தொல்லை. பாட்டுகள் நீளமாக இருந்ததால் தட்டில் ஒலி சோனியாக இருந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸும் ஜாக்சனும் பாட்டுகளைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 'பில்லி ஜீனை' 91 முறை மிக்ஸ் செய்தும், கடைசியில் இரண்டாவது மிக்ஸையே எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. தட்டின் ஓரத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி ஓடும் தூரம் அதிகம், நடுவை நெருங்க நெருங்கக் குறைவு; அதனால் உட்சுற்றுகளில் உரத்த ஒலி பிசிறடிக்கும். ஆரவாரமான பாட்டை ஓரத்திலும் அடங்கிய பாட்டை நடுவிலும் வைப்பது அதனால் வந்த வழக்கம். 'த்ரில்லர்' 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டோடு தணிந்து முடிவதையும், 'டேப்ஸ்ட்ரி' பியானோவும் பேஸும் குரலுமாக ஒடுங்குவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பொறியியலின் கட்டாயத்தைக் கலைஞர்கள் உணர்ச்சியின் வடிவமாக மாற்றிக்கொண்டார்கள்.

மாலையில் ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்'. 1977 பிப்ரவரி வெளியீடு. உங்களுக்கு இதிலிருந்து 'ட்ரீம்ஸ்' தெரிந்திருக்கும். 2020-ல் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே கிரான்பெர்ரி ஜூஸ் குடித்த ஒருவரின் டிக்டாக் வீடியோ அந்தப் பாட்டை மறுபடி தரவரிசையில் ஏற்றியது. ஆனால் 'ட்ரீம்ஸ்' ஒரு பதில். கேள்வியைக் கேட்காமல் பதிலை மட்டும் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்!

நடந்தது இது. ஐந்து பேர் கொண்ட குழுவில் பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசித்துப் பாடும் கிறிஸ்டின் மெக்வீயும் பிரிந்துவிட்ட கணவன் மனைவி. லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் உறவு முறிந்த காதலர்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் திருமணமும் தள்ளாடிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ என்ற ஊரில், ஜன்னலே இல்லாத ஒரு ஸ்டுடியோவில், இந்த ஐவரும் மாதக்கணக்கில் ஒன்றாக அடைந்து கிடந்தார்கள். பேச முடியாததைப் பாட்டாக எழுதினார்கள். எழுதியதை மற்றவர்தான் வாசிக்கவும் கூடப் பாடவும் வேண்டியிருந்தது.

இப்போது வரிசையைக் கேளுங்கள். முதல் பாட்டு 'செகண்ட் ஹேண்ட் நியூஸ்': லிண்ட்சி, புண்பட்டதைத் துள்ளலில் மறைக்கிறார். இரண்டாவது 'ட்ரீம்ஸ்': ஸ்டீவி, குரலை உயர்த்தாமல், உனக்குத் தனிமைதான் மிஞ்சும் என்கிறார். மூன்றாவதில் லிண்ட்சி இனி அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று கிட்டாரில் சபதம் செய்கிறார். நான்காவது 'டோன்ட் ஸ்டாப்', கிறிஸ்டின் ஜானுக்குச் சொல்லும் ஆறுதல். ஐந்தாவது 'கோ யுவர் ஓன் வே'யில் லிண்ட்சி வெடிக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு யார்மேல் வைக்கப்பட்டதோ அந்த ஸ்டீவியே பின்னணிக் குரல் கொடுக்கிறார். அதற்குமேல் தாங்காது என்ற இடத்தில் கிறிஸ்டின் தனியாகப் பியானோ முன் உட்கார்ந்து 'சாங்பேர்ட்' பாடுகிறார். ஸ்டுடியோவில் அல்ல, பெர்க்லியில் ஒரு காலி அரங்கத்தில் பதிவானது. கூடத்தின் விரிவு குரலைச் சுற்றி நிற்கிறது. முதல் பக்கம் அங்கே முடிகிறது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'தி செயின்'. வெவ்வேறு பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிய துண்டுகளால் ஆனது. ஆல்பத்தில் ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டிருக்கும் ஒரே பாட்டு. எல்லாரும் எல்லாரையும் குற்றம் சொல்லி முடித்த பிறகு, சங்கிலி அறுபடவில்லை என்று ஐவரும் ஒன்றாக நிற்கிறார்கள். நடுவே எல்லாம் அடங்கி, ஜானின் பேஸ் தனியே நடந்து வருகிற அந்த இடத்தை பிபிசி பல ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தய ஒளிபரப்பின் முகப்பிசையாக வைத்திருந்தது. ஆனால் பந்தயக் காரின் ஓசையோடு கேட்பதற்கும், ஆறு பாட்டுச் சண்டைக்குப் பிறகு கேட்பதற்கும் எவ்வளவு தூரம்!

இந்த ஆல்பத்துக்கு நேர்ந்த அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீவி நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் என்று வெளியே தள்ளப்பட்டது. தட்டில் இடமில்லை. அவருடைய இன்னொரு சிறிய பாட்டு அந்த இடத்தை நிரப்பியது; அவர் மிகவும் நொந்துபோனார். 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' கடைசியில் 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் மறுபக்கத்தில் ஒதுங்கியது. லிண்ட்சியின் குற்றச்சாட்டு ஒரு பக்கம், ஸ்டீவியின் மறுமொழி மறுபக்கம். திருப்பிப் போட்டவர்களுக்கு மட்டும் அது கிடைத்தது.

வெளிச்சம் இருக்கும்போதே எம்.ஐ.ஏ.வின் 'கலா'வைப் போட வேண்டியிருந்தது; இருட்டில் கேட்கிற இசை அல்ல அது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுமியாக வளர்ந்து, போரின் காரணமாக எண்பதுகளின் நடுவில் அகதியாக மறுபடி லண்டன் போனவர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்'. 2007-ல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர். அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் வந்தபோது அவர் அங்கே போகாமல், இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். ஏ.ஆர். ரகுமான் தன் சென்னை ஸ்டுடியோவைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார்; அங்கே தாளக் கலைஞர்களின் ஒரு படையே வந்து வாசித்தது.

முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா' தொடங்கிச் சிறிது நேரத்தில் தமிழ்க் காது நிமிர்ந்து உட்காரும். 'தளபதி' படத்தில் இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' பாட்டின் துணுக்கு உள்ளே ஓடுகிறது. அடுத்தது 'பேர்ட் ஃப்ளூ', அதில் உறுமி. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், கோயில் கொடையில் சாமி இறங்கும் நேரத்தில் மட்டும் கேட்டுப் பழகிய ஒலி, லண்டன் பேஸுக்கு மேலே நின்று மிரட்டுகிறது. மூன்றாவது 'பாய்ஸ்' அந்தத் தாளத்தை அப்படியே திருவிழா ஆட்டமாக்குகிறது. நான்காவது, பப்பி லஹரியின் 'டிஸ்கோ டான்சர்' படப்பாட்டு 'ஜிம்மி'. பிறகு ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் டிஜிரிடூவோடு பாடும் ஒரு பாட்டு வருகிறது. அகதிக்கு ஊர் எது என்ற கேள்விக்கு அவர் எந்த இடத்திலும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு ஊரின் தாளத்தையும் எடுத்து அடுத்ததன்மேல் வைத்துக்கொண்டே போகிறார்.

'பேப்பர் பிளேன்ஸ்' பதினோராவது பாட்டு. தி கிளாஷ் குழுவின் பழைய கிட்டார் ஒலி, குழந்தைகளின் கோரஸ், துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' வழியாக உலகமெங்கும் போன இதைப் பார்ட்டிப் பாட்டாகவே பலரும் அறிவார்கள். ஆனால் பத்துப் பாட்டுகளாக எல்லைகளும் சேரிகளும் துறைமுகங்களும் கடந்து வந்த பிறகு அந்தத் துப்பாக்கிச் சத்தம் விளையாட்டாகக் கேட்பதில்லை. விசா வரிசையில் நிற்கும் எந்த வெளிநாட்டவரையும் பணத்துக்காக வந்தவராகவே பார்க்கும் சந்தேகக் கண்ணுக்கு எதிரே அந்தக் கோரஸ் நிற்கிறது. ஆல்பம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். டிம்பலாண்டோடு சேர்ந்த 'கம் அரவுண்ட்' அதற்குப் பின் வருவது தேவையற்றது. இவ்வளவு உயரத்தில் ஏறிய பிறகு அது வெறும் இன்னொரு பாட்டு.

இரவுக்கு கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்', 1985. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரால் 2022-ல் 'ரன்னிங் அப் தட் ஹில்' 37 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் முதலிடம் வந்தது. முதலில் வெளிவந்தபோது மூன்றாம் இடம் வரைதான் போயிருந்தது. அந்த வெற்றியில் ஒரு வருத்தமும் உண்டு. அது முதல் பக்கத்தின் முதல் பாட்டு. அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்.

இரண்டாம் பக்கம் முழுவதும் 'தி நைன்த் வேவ்' என்ற ஒரே படைப்பு, ஏழு பாட்டு. ஒரு பெண் இரவில் கடலில் தனியே மிதக்கிறாள். உயிர்காப்பு அங்கியில் ஒரு சிறிய விளக்கு. தூங்கிவிட்டால் முடிந்தது, ஆனால் தூக்கம் வருகிறது. அங்கிருந்து பனிக்கட்டிக்கு அடியில், பிறகு அவளை எழுப்பத் துடிக்கும் பல குரல்களின் நடுவே, பிறகு தன் வீட்டுக்கே ஆவியாகப் போய், காத்திருக்கும் குடும்பத்தாரால் பார்க்கப்படாமல் நிற்கிறாள். ஐரிஷ் கலைஞர்களின் பிடிலும் குழலும் பாய்ந்து வரும் 'ஜிக் ஆஃப் லைஃப்' பாட்டில், வருங்காலத்தில் முதியவளாகப்போகும் அவளே வந்து, செத்துப்போகாதே, எனக்கு வாழ வேண்டும் என்று அதட்டுகிறாள். 'ஹலோ எர்த்' நடுவே எல்லாம் நின்று, ஜார்ஜிய நாட்டுப்பாடல் ஒன்றை ஆண்களின் கோரஸ் பாடுகிறது. பூமியை வெகு உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் தலை சுற்றுகிறது. பிறகுதான் 'தி மார்னிங் ஃபாக்'. விடிகிறது. அன்பானவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்கிறாள். இந்தக் கடைசிப் பாட்டு இரண்டரை நிமிடம்தான். தனியாகக் கேட்டால் எளிய சந்தோஷப் பாட்டு. ஆறு பாட்டுகளின் குளிரைத் தாண்டி வந்தவருக்கு அது உயிர் பிழைத்த சந்தோஷம்.

இதைத் தன் சொந்த ஸ்டுடியோவில், ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியோடு, தானே தயாரிப்பாளராக இருந்து, எந்தக் கம்பெனியின் அவசரமும் இல்லாமல் செய்தார் கேட் புஷ். 2014-ல், 35 ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் முழுக் கச்சேரிக்காக மேடை ஏறியபோது 'தி நைன்த் வேவ்' முழுவதையும், அதே வரிசையில், கடலும் மீட்பு விளக்குமாக நடத்திக் காட்டினார். அவருக்கே அது பிரிக்கக்கூடாத ஒன்று.

செய்ய வேண்டியது சிறிய காரியம்தான் நண்பர்களே. ஆல்பத்தைத் திறந்து ஷஃபிளை அணையுங்கள். செட்டிங்ஸில் கிராஸ்ஃபேட் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு கலந்துவிடும் அந்த வசதி 'ஐ வாண்ட் யூ'வின் வெட்டையும் 'ஹர் மெஜஸ்டி'க்கு முந்தைய மௌனத்தையும் கெடுத்துவிடும். டீலக்ஸ் எடிஷன் என்று போட்டிருந்தால், பழைய தட்டில் கடைசிப் பாட்டு எது என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள்; பின்னால் ஒட்டியிருக்கும் ஒத்திகைப் பதிவுகளை இன்னொரு நாள் கேட்கலாம். முடிந்தால் அறையில் ஒரு ஸ்பீக்கரில் போட்டு, நான்கு பேராக உட்கார்ந்து கேளுங்கள். 'ரூமர்ஸ்' முடிந்ததும் யார் பக்கம் நியாயம் என்ற சண்டை நிச்சயம் வரும். எதிலிருந்து ஆரம்பிப்பது என்ற குழப்பம் வேண்டாம். முதலில் 'பெட் சவுண்ட்ஸ்'. காலையில் மெஸ் திறப்பதற்கும் முதல் வகுப்புக்கும் நடுவே அது அடங்கும்.

அன்புடன்,
ஒரு பாட்டு ரசிகர்